எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளை விண்மீனிடை வெளியில் எங்கே தேடுவது? நான்கு இலக்குகளின் ஒப்பீடு

உயிர் தோன்றுவதற்கு முந்தைய வேதியியலில் இடம்பெறும் ஒரு மூலக்கூறின் சுழற்சி நிறமாலையை (அது சுழலும்போது உமிழும் ரேடியோ அதிர்வெண்களின் பட்டியலை) ஓர் ஆய்வகம் முதன்முறையாக அளந்து வெளியிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஓர் இமைனாகவோ (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு கொண்டது) ஈனாலாகவோ (இரட்டைப் பிணைப்புள்ள கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி கொண்டது) இருக்கலாம்; குடுவையில் சேமித்து வைக்க முடியாத அளவுக்கு எளிதில் வினைபுரியக்கூடியது; விண்வெளியில் இன்னும் யாரும் அதைக் கண்டதில்லை. ஒரு சிறிய குழு சில பத்து மணி நேரக் கண்காணிப்புக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும் என்ற நிலையில், எந்த மேகத்தை நோக்குவது, எந்த அலைவரிசையில் அளப்பது, எந்தத் தொலைநோக்கியைக் கோருவது என்று அக்குழு முடிவுசெய்தாக வேண்டும்.

இக்கட்டுரையின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான விண்ணப்பங்கள் கருவியிலிருந்து தொடங்குகின்றன: உலகின் மிகக் கூர்மையான, மிக நுண்ணுணர்வுள்ள தொலைநோக்கி எதுவோ அதில் நேரம் கேட்டுவிடுவது என்பதே இயல்பான உந்துதல். எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. முதலில் மேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து மூலக்கூறின் எடையைப் பார்த்து அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கருவி அந்த இரண்டிலிருந்தும் தானாகவே வந்துசேரும். அப்படிப் பார்க்கும்போது, புதிய மூலக்கூறு ஒன்றை முதன்முறையாகக் கண்டறிவதற்கு, பால்வெளியின் மையத்தருகே உள்ள ஜி+0.693-0.027 என்ற மேகமும் ஸ்பெயினில் உள்ள இரண்டு ஒற்றைக் கிண்ணத் தொலைநோக்கிகளுமே (யெபெஸ் 40 மீட்டர், ஐராம் 30 மீட்டர்) முதல் தெரிவாக அமைகின்றன. அதற்கான காரணங்களையும், எந்தச் சூழலில் அந்தத் தெரிவு தவறாகிவிடும் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

எளிதில் வினைபுரியும் தன்மை தேடலின் தன்மையை எப்படி மாற்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5×10¹⁹ மூலக்கூறுகள் உள்ளன. அடர்த்தி குறைந்த மூலக்கூறு மேகத்தில் அதே கொள்ளளவில் பத்தாயிரம் துகள்களே உள்ளன. மோதல்கள் அவ்வளவு அரிது என்பதாலும், மோதினாலும் வினைத்தடையைத் தாண்டுவதற்கான ஆற்றல் குளிர்ந்த வாயுவில் இல்லை என்பதாலும், பூமியில் நொடிப்பொழுதில் பல்லுறுப்பாகிவிடும் பொருள்கள் அங்கே நீண்ட காலம் தாக்குப்பிடிக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடுடன் சேர்ந்து அமினோ அசிட்டோநைட்ரைலைத் தந்து, அதன் வழியே எளிய அமினோ அமிலமான கிளைசினுக்கு இட்டுச்செல்லக்கூடிய மெத்தனிமைன், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1973-ஆம் ஆண்டிலேயே பால்வெளி மையத்தருகே உள்ள சஜிட்டேரியஸ் பி2 என்ற மேகத்தின் திசையில் காணப்பட்டது. ஆகவே இத்தகைய மூலக்கூறுகள் விண்வெளியில் இருக்க முடியுமா என்பது பழைய கேள்வி. அவற்றின் அளவு மிகக் குறைவு என்பதும் ஆய்வகத்தில் அவற்றைக் கையாள்வது கடினம் என்பதுமே இன்றைய சிக்கல்கள். ஹைட்ரஜன் மூலக்கூறுகள் ஆயிரம் கோடி இருந்தால் அவற்றுக்கு நடுவே தேடப்படும் மூலக்கூறு ஒன்று இருக்கும் என்ற அளவிலேயே அண்மைக் கண்டறிதல்கள் பல அமைந்துள்ளன.

அளவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது, கண்டறிந்துவிட்டோம் என்று சொல்வதற்கான அளவுகோல் கடுமையாக இருந்தே தீர வேண்டும். விண்மீனிடை வெளியில் கிளைசினைக் கண்டதாக 2003-ஆம் ஆண்டில் ஒரு குழு அறிவித்தது. 2005-ஆம் ஆண்டில் லூயிஸ் ஸ்னைடரும் உடன் ஆய்வாளர்களும் அந்த அறிவிப்பில் கூறப்பட்ட நிறமாலை வரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கிளைசின் உண்மையிலேயே அங்கே இருந்திருந்தால் தோன்றியிருக்க வேண்டிய வேறு வலுவான வரிகள் இல்லாததைக் காட்டி, அதை மறுத்தார்கள். அந்த மறுப்புரையில் அவர்கள் முன்வைத்த நிபந்தனைகள் இன்றும் இத்துறையின் நடைமுறை விதிகளாக உள்ளன. ஆய்வக அதிர்வெண்கள் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்; எல்லா வரிகளும் ஒரே திசைவேகத்தில் அமைய வேண்டும்; அவற்றின் ஒப்பீட்டு வலிமைகள் ஒரே வெப்பநிலைக்குப் பொருந்த வேண்டும்; தோன்ற வேண்டிய வலுவான வரி ஒன்றுகூட விடுபடக் கூடாது. கிளைசினோ, ரோசெட்டா விண்கலம் 67பி வால்மீனைச் சூழ்ந்த வாயுவில் அதை அளந்ததாக 2016-இல் அறிவிக்கப்பட்ட பின்னரும், விண்மீனிடை வெளியில் ரேடியோ தொலைநோக்கிகளின் கைக்கு எட்டாமலேயே இருக்கிறது.

இந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு இலக்குகளைப் பார்க்கலாம்.

மரபாக முதலில் நினைவுக்கு வருவது சஜிட்டேரியஸ் பி2(என்). புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இந்தச் சூடான கருவில் வாயுவின் வெப்பநிலை 150 கெல்வின் அளவில் இருப்பதால், தூசித்துகள்கள் மேல் உறைந்திருந்த பனி முழுதும் ஆவியாகி, அதற்குள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த மூலக்கூறுகள் எல்லாம் வாயுவாக வெளியே நிற்கின்றன. பார்வைக்கோட்டில் இருக்கும் பொருளின் மொத்த அளவை மட்டும் கணக்கிட்டால் இதற்கு இணையான இலக்கு வேறில்லை. கிளைசினுக்கு நெருங்கிய உறவான அமினோ அசிட்டோநைட்ரைல் 2008-இல் ஐராம் 30 மீட்டர் தொலைநோக்கி வழியாகவும், கிளைத்த கார்பன் சட்டகம் கொண்ட ஐசோபுரோப்பைல் சயனைடு 2014-இல் சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி வரிசை வழியாகவும் இங்கேதான் கிடைத்தன; யூரியாவும் 2019-இல் இங்கேயே உறுதிப்பட்டது. ஆர்னோ பெலோஷ் தலைமையில் அல்மாவில் நடந்த நிறமாலைக் கணக்கெடுப்புகளே இவற்றில் பிந்திய இரண்டுக்கும் அடிப்படை.

ஆனால் அந்த வளமே அதன் குறையும்கூட. ஐராம் தொலைநோக்கியால் 3 மில்லிமீட்டர் அலைவரிசையில் செய்யப்பட்ட கணக்கெடுப்பில், இந்த இலக்கில் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ நூறு வரிகள் காணப்பட்டன. அதாவது சராசரியாக 10 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு வரி. வாயுவின் அசைவால் டாப்ளர் விளைவில் வரி விரிவதால் அதன் அகலத்தைத் திசைவேகமாகவே சொல்வது வழக்கம்; ஒவ்வொரு வரியின் அகலமும் நொடிக்கு 7 கிலோமீட்டர் என்றால், 100 கிகாஹெர்ட்ஸில் அது 2.3 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொள்கிறது. வரிகளின் இறக்கைகளையும், ஒன்றுக்கு மேற்பட்ட திசைவேகக் கூறுகளையும், இன்னும் அடையாளம் காணப்படாதவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வலுக்குறைந்த ஒரு புதிய வரி தனித்து நிற்பதற்கு அங்கே இடம் மிகக் குறைவு. கண்காணிப்பு நேரத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சல் குறையும்; கூடவே இதுவரை இரைச்சலுக்குள் மறைந்திருந்த மற்ற மூலக்கூறுகளின் வலுக்குறைந்த வரிகளும் மேலே எழுந்துவந்து நெரிசலைக் கூட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் நேரம் பயன்தராது என்பதை விண்ணப்பதாரர்கள் குறைத்து மதிப்பிடுவதுண்டு.

இதைவிட அடிப்படையான மற்றொரு தடையும் உண்டு. இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு மூலக்கூறு வெப்பமடையும்போது அது பரவியிருக்கும் சுழற்சி ஆற்றல் மட்டங்களின் எண்ணிக்கை, நேர்கோட்டு வடிவமற்ற மூலக்கூறுகளில், வெப்பநிலையின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. பத்து கெல்வினிலிருந்து 150 கெல்வினுக்குப் போனால் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 58 மடங்காகிறது. அதிர்வு மட்டங்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். இருக்கும் மூலக்கூறுகள் அத்தனை மட்டங்களுக்குப் பங்கிடப்படுவதால், எந்தத் தனி வரிக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடுகிறது. சூடான கருவில் மொத்தப் பொருள் அதிகம். ஆனால் அது ஆயிரக்கணக்கான வரிகளில் சிதறிக் கிடக்கிறது. மிகுதியாக இருக்கும் மெத்தனாலுக்கு இது பொருட்டல்ல. ஆயிரம் கோடியில் ஒன்றாக இருக்கும் ஓர் இமைனுக்கு இது வாழ்வா சாவா என்ற கணக்கு.

இதே திசையில் முற்றிலும் வேறொரு உத்தியும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் 100 மீட்டர் தொலைநோக்கி, சஜிட்டேரியஸ் பி2(என்)-இன் சூடான கருவை விட்டுவிட்டு, அதைச் சூழ்ந்து பரந்திருக்கும் குளிர்ந்த உறையை, பின்னாலிருந்து வரும் தொடர் கதிர்வீச்சின் முன்னணியில் உட்கவர் வரிகளாகப் பார்க்கிறது. எத்தனிமைனும் சயனோமெத்தனிமைனின் ஈ வடிவமும் (அணுக்களின் அடுக்கத்தில் மட்டும் வேறுபடும் ஈ, இசட் என்ற இரு வடிவங்களில் ஒன்று) இத்தொலைநோக்கியின் தரவுகளிலிருந்து 2013-இல் அறிவிக்கப்பட்டவை. கைத்தன்மை (இடக்கை, வலக்கை போன்ற இரு பிம்ப வடிவங்கள்) கொண்ட முதல் விண்மீனிடை மூலக்கூறான புரோப்பிலீன் ஆக்சைடு 2016-இல் வந்தது. அந்தக் கடைசிக் கண்டறிதலின் நடைமுறை விவரம் கவனிக்கத்தக்கது. அதற்கு 12.1, 12.8, 14.0 கிகாஹெர்ட்ஸ்களில் மூன்று வரிகள் எதிர்பார்க்கப்பட்டன. முதலாவது கிரீன் பேங்கில் மனிதர்களின் ரேடியோ இரைச்சலால் கெட்டுப்போகவே, அதை உறுதிப்படுத்த பார்க்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. தாழ்ந்த அதிர்வெண்களில் விண்வெளி வரிகளின் நெரிசல் குறைவு. ஆனால் செயற்கைக்கோள்களின் நெரிசல் அந்த இடத்தை நிரப்பத் தொடங்கிவிட்டது. மேலும், ஒரு மூலக்கூறுக்கு அங்கே இரண்டு அல்லது மூன்று வரிகளே கிடைக்கும் என்பதால், ஸ்னைடரின் நிபந்தனைகளை நிறைவுசெய்வது கடினம். இதை முதல் தெரிவாக நான் வைக்கமாட்டேன். துணைச் சான்றாக இது மதிப்புமிக்கது.

அடுத்த வேட்பாளர் ஐராஸ் 16293-2422 பி. ஏறத்தாழ 460 ஒளியாண்டுத் தொலைவில், ஒஃபியூக்கஸ் மேகத்தில், நமது சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் உருவாகிக்கொண்டிருக்கும் இடம். இதன் பெரும் வசதி வரிகளின் குறுகல்: அகலம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர்தான். அல்மாவில் நடந்த பில்ஸ் கணக்கெடுப்பு 329 முதல் 363 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளைக் கண்டது. அப்படியானால் 3.4 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு வரி. ஆனால் ஒவ்வொரு வரியும் 1.2 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவாகவே அடைப்பதால் பிரித்தறிய வழி இருக்கிறது. கிளைக்கோலால்டிஹைடு 2012-இல் இங்கே காணப்பட்டதும், மெத்தில் ஐசோசயனேட் 2017-இலும் கிளைக்கோலோநைட்ரைல் 2019-இலும் தொடர்ந்ததும் இதனால்தான். அல்மாவின் அரை வினாடிப் பிரிதிறன் (இங்கே வினாடி என்பது கோண அளவு, ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இத்தொலைவில் ஏறத்தாழ 70 வானியல் அலகுகளுக்குச் சமம். அதாவது ஒரு கோள்மண்டல அளவில் எது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிகிறது. வேறெந்த இலக்கும் இதைத் தராது.

ஆயினும் நமது கேள்விக்கு இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஹைட்ராக்சிலமைனை இங்கே தேடியவர்கள் 2018-இல் கடுமையான மேல் எல்லையை (இதற்கு மேல் இருக்க முடியாது என்ற அளவை) மட்டுமே அறிவிக்க முடிந்தது. சூடான, அடர்ந்த வாயுவில் இத்தகைய மூலக்கூறு ஆவியாகும்போதே வேறொன்றாகிவிடுகிறதா, அல்லது இந்தப் பனியில் அது உருவாகவே இல்லையா என்பதைக் கண்காணிப்பு மட்டும் வைத்துத் தீர்க்க இயலாது. எதுவாக இருந்தாலும், வினைபுரியும் தன்மை மிகுந்த ஒன்றைத் தேடுபவர் சூடான கருவை நம்பித் தொடங்குவதில் உள்ள இடரை அந்த முடிவு தெளிவாகக் காட்டுகிறது.

டாரஸ் மேகத்திலுள்ள டிஎம்சி-1 பற்றிச் சுருக்கமாகவே சொன்னால் போதும். வெப்பநிலை பத்து கெல்வின். வரிகளின் அகலம் நொடிக்கு அரை கிலோமீட்டர். 40 கிகாஹெர்ட்ஸில் அது 67 கிலோஹெர்ட்ஸ்தான். நிறமாலையாளரின் கனவு இது. 2018-இல் பென்சோநைட்ரைல் கிரீன் பேங்க் வழியாகக் கிடைத்தது. அதன் பிறகு கிரீன் பேங்கும் யெபெஸும் போட்டிபோட்டுக்கொண்டு வளைய ஹைட்ரோகார்பன்களை அங்கே அள்ளியிருக்கின்றன. ஆனால் அது கார்பன் சங்கிலிகளின் நாடு. பனியை உதிர்க்க அங்கே வெப்பமும் இல்லை, அதிர்ச்சி அலையும் இல்லை என்பதால், பனியில் பிறக்கும் ஆக்சிஜன் சேர்மங்களும் அமீன்களும் வாயுவில் அரிது. தேடும் மூலக்கூறு நைட்ரைல் தொகுதி கொண்ட நிறைவுறாத ஒன்றாக இருந்தால் டிஎம்சி-1 முதலிடத்துக்கு வரும். ஈனாலோ அமினோ ஆல்கஹாலோ என்றால் அங்கே போவதில் பொருளில்லை.

இனி ஜி+0.693. சஜிட்டேரியஸ் பி2-இன் சூடான கருவுக்கு மிக அருகே, நம்மிடமிருந்து ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் இந்த மேகத்தில் விண்மீன் பிறந்துகொண்டிருப்பதற்கான அறிகுறி இல்லை. இங்கே பனியை உதிர்ப்பது வெப்பமன்று. மேகங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் எழும் அதிர்ச்சி அலை. தூசித்துகள்களின் மேலுறை அந்த அலையால் சிதறடிக்கப்பட்டு வாயுவோடு கலக்கிறது. இதன் விளைவு விசித்திரமான ஒரு கலவை: வாயுவின் இயக்க வெப்பநிலை நூறு கெல்வினை ஒட்டி இருக்கிறது, ஆனால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் என்ற அளவில் இருப்பதால், மோதல்கள் மூலக்கூறுகளை உயர் மட்டங்களுக்குத் தள்ளுவதற்குள் அவை கதிர்வீசித் தாழ்ந்துவிடுகின்றன. ஆகவே பெரும்பாலான மூலக்கூறுகளின் கிளர்வு வெப்பநிலை (அவை மட்டங்களில் பரவியிருக்கும் விதத்துக்குப் பொருந்தும் வெப்பநிலை) 5 முதல் 20 கெல்வினுக்குள் நின்றுவிடுகிறது. பனியின் முழு வேதிச் செல்வமும் வாயுவில் இருக்கிறது. அந்தச் செல்வம் சில பத்து வரிகளில் குவிந்தும் இருக்கிறது. மேலே சொன்ன 58 மடங்குக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. உயர் மட்ட வரிகள் எழாததால் நெரிசலும் குறைந்துவிடுகிறது.

இது வெறும் கோட்பாடாக நின்றுவிடவில்லை. சயனோமெத்தனிமைனின் இசட் வடிவம் 2019-இல் இங்கே காணப்பட்டது; ஈ வடிவத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது. ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறுகள் இரண்டு சேர்ந்தால் கிடைக்கும் சூத்திரம் அதனுடையது. ஐந்து சேர்ந்தால் அடினைன். ஆர்என்ஏவின் கூறுகள் உருவாகும் வேதிவழிகளில் பேசப்படும் ஹைட்ராக்சிலமைன், ஓரியன் கேஎல், சஜிட்டேரியஸ் பி2(என்) போன்ற புகழ்பெற்ற இலக்குகளில் தேடித் தோற்ற பிறகு, 2020-இல் விக்டர் ரிவில்லா தலைமையிலான குழுவால் இங்கே கிடைத்தது. ஹைட்ரஜனோடு ஒப்பிட அதன் அளவு ஆயிரம் கோடிக்கு ஏறத்தாழ இரண்டு. செல்சவ்வுக் கொழுப்புகளின் தலைப்பகுதியான எத்தனாலமைன் 2021-இலும், கிளைக்கோலால்டிஹைடின் ஈனால் வடிவமான 1,2-எத்தீன்டையால் 2022-இலும் தொடர்ந்தன. பிந்தையது சர்க்கரைகள் உருவாகும் ஃபார்மோஸ் வினையில் இடைநிலைப் பொருள். அதன் ஆய்வக நிறமாலையே அதே 2022-இல்தான் வெளியானது. ஆய்வகமும் தொலைநோக்கியும் ஒரே ஆண்டில் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. முதலாவது, வரிகளின் அகலம்: நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நாற்பது கிகாஹெர்ட்ஸில் அது 2.7 மெகாஹெர்ட்ஸ், நூறு கிகாஹெர்ட்ஸில் 6.7 மெகாஹெர்ட்ஸ். மேலே போகப்போக வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கும் என்பதால், இந்த மேகத்தில் தாழ்ந்த அதிர்வெண்ணே பாதுகாப்பானது. இரண்டாவது, கிடைக்கும் பதில் மங்கலானது: நாற்பது வினாடி அகலக் கற்றை (தொலைநோக்கி ஒரே நேரத்தில் பார்க்கும் வானப் பகுதி) ஒன்று இத்தொலைவில் ஐந்து ஒளியாண்டுக்கு மேற்பட்ட பரப்பை ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுகிறது, அதற்குள் மூலக்கூறு சீராகப் பரவியிருக்கிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மூன்றாவது, இங்கேயும் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. ஜான் சதர்லேண்டின் குழு 2009-இல் காட்டிய ஆர்என்ஏ தொகுப்பு வழியில் மையமாக நிற்கும் 2-அமினோ ஆக்சசோலையும், கிளிசரால்டிஹைடு போன்ற எளிய சர்க்கரைகளையும் இசஸ்குன் ஹிமெனெஸ்-செர்ரா தலைமையிலான குழு இங்கே தேடியபோது, 2020-இல் யூரியா மட்டும் வந்தது, மற்றவை வரவில்லை. கனமான அணுக்கள் (ஹைட்ரஜன் அல்லாதவை) ஆறு சேர்ந்த மூலக்கூறு என்றாலே வாய்ப்பு வேகமாகச் சரிகிறது என்பதையும் இந்த ஒப்பீட்டில் கணக்கில் கொள்ள வேண்டும்.

மேகம் முடிவானபின் கருவிக்கு வரலாம். ஒற்றைக் கிண்ணமா, அல்மா போல் பல கிண்ணங்களை இணைத்த குறுக்கீட்டுமானியா என்ற கேள்விக்குப் பொருளின் பரப்பே விடை தருகிறது. சூடான கரு இரண்டு வினாடி அகலமே உள்ளது என்றால், நாற்பது வினாடிக் கற்றையில் அதன் ஒளி நானூறில் ஒரு பங்காக நீர்த்துவிடும். அங்கே அல்மாவைத் தவிர வேறு வழியில்லை. ஜி+0.693 கற்றையை முழுவதும் நிரப்புவதால் அந்த இழப்பு இல்லை. மாறாக, குறுக்கீட்டுமானி அதன் இயல்பிலேயே பரந்து சீரான ஒளியை வடிகட்டிவிடும். நீண்ட அடித்தளத்தில் (கிண்ணங்களுக்கிடையே நீண்ட இடைவெளியில்) அடுக்கப்பட்ட அல்மாவுக்கு இந்த மேகத்தின் பெரும்பகுதி தெரியாமலே போகலாம். ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் 66 கிண்ணங்களை வைத்துக் கட்டிய கருவியால் பார்க்க முடியாததை, ஸ்பெயினின் மலையொன்றில் நிற்கும் தனிக் கிண்ணம் பார்ப்பது இதனால்தான்.

ஒற்றைக் கிண்ணங்களுக்குள் யெபெஸ் 40 மீட்டரா, பீக்கோ வெலேட்டாவின் ஐராம் 30 மீட்டரா என்பது மூலக்கூறின் எடையைப் பொறுத்தது. ஹைட்ராக்சிலமைன் இலேசானது, அதன் வரிகள் ஏறத்தாழ 50.4 கிகாஹெர்ட்ஸின் மடங்குகளில், அதாவது 100.7, 151.1 என்று அமைகின்றன. யெபெஸின் 7 மில்லிமீட்டர் அலைவரிசை 31.5 முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரை இருப்பதால் அதற்குப் பயன்படாது. 2020-இன் கண்டறிதல் ஐராமில் நடந்ததற்குக் காரணம் இதுவே. எத்தனாலமைன் கனமானது; அதன் வரித்தொகுதிகள் பத்து கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அணிவகுக்கும்; யெபெஸின் வாங்கி அந்த 18.5 கிகாஹெர்ட்ஸ் அகலம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்துவிடுவதால், ஒரு வரியைத் தேடிப்போனவர் நூறு மூலக்கூறுகளின் வரிகளோடு திரும்புகிறார். கலப்பு உண்டா என்று சோதிக்க அந்த மற்ற வரிகள் கட்டாயம் தேவை. இந்தியாவின் கருவிகள் இந்தப் போட்டியில் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்: உதகைத் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, புனே அருகேயுள்ள ஜிஎம்ஆர்டி 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு உட்பட்டது. அவை வேறு வானியலுக்காகக் கட்டப்பட்டவை.

விண்ணப்பத்தில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று, வானில் இலக்கின் உயரம். ஜி+0.693 வான நடுக்கோட்டுக்கு 28 பாகை தெற்கே இருக்கிறது. யெபெஸிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 21 பாகைக்கு மேலே ஏறுவதேயில்லை; பீக்கோ வெலேட்டாவிலிருந்து 25 பாகையை எட்டாது. அந்தத் தாழ்வில் ஒளி கடந்துவரும் காற்று, தலைக்கு நேர்மேலே உள்ளதைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அல்லது அதற்கு மேல். ஏழு மில்லிமீட்டருக்கு வளிமண்டலம் பெருமளவு ஒளிபுகவிடும் என்பதால் இது தாங்கக்கூடியது. மூன்று மில்லிமீட்டரில் நல்ல வானிலை வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் குளிர்கால உலர் இரவுகளைத் தவிர நம்ப முடியாது. நாளொன்றுக்குப் பயன்படும் நேரமும் சில மணிகளே. முப்பது மணி நேரம் கேட்பவர் அது பல நாள்களில் பரவும் என்று திட்டமிட வேண்டும். சிலியில் இந்த மேகம் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். அல்மாவில் 35 முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரையிலான முதலாம் அலைவரிசை அண்மையில் திறக்கப்பட்டிருப்பது, அங்கே குறுகிய அடித்தளங்களோடு அளக்கும் வாய்ப்பைத் தந்து, இந்த ஒப்பீட்டை வருங்காலத்தில் மாற்றக்கூடும். இன்றைக்கு, பரந்த ஒளியை முழுதாக மீட்பதும் அகலமான அலைவரிசையை ஒரே வீச்சில் பெறுவதும் ஒற்றைக் கிண்ணத்தின் பக்கமே நிற்கின்றன.

ஆகவே என் பரிந்துரை இவ்வாறு அமையும். மூலக்கூறு ஈனால், இமைன், அமினோ ஆல்கஹால் போன்று பனியில் பிறப்பதாகவும், கனமான அணுக்கள் ஐந்துக்கு மேற்படாததாகவும் இருந்தால், ஜி+0.693-ஐத் தேர்ந்தெடுத்து, கனமானதற்கு யெபெஸிலும் இலேசானதற்கு ஐராமிலும் தொடங்கலாம். புது நேரம் கேட்பதற்கு முன், ஏற்கெனவே எடுக்கப்பட்ட அகலமான கணக்கெடுப்புகளில் அந்த அதிர்வெண்களைச் சோதித்துப் பார்க்க உரிய குழுவோடு பேசுவது நேரத்தையும் மானத்தையும் காக்கும். கிளர்வு வெப்பநிலை பத்து கெல்வின் என்று கொண்டு கணக்கிட்டு, வேறெதனோடும் கலவாத வரிகள் குறைந்தது நான்கைந்து எதிர்பார்க்கப்படாவிட்டால் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம். இரண்டே வரிகளோடு வெளியிடப்படும் கண்டறிதல் கிளைசினின் வழியில் போகும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி வேறானால் விடையும் வேறு. அந்த மூலக்கூறு கோள்கள் உருவாகும் வட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி என்றால், ஜி+0.693 எவ்வளவு தெளிவான பதில் தந்தாலும் அது தவறான இடம். ஐராஸ் 16293-ஐ அல்மாவில் பார்க்க வேண்டும், மேல் எல்லையோடு திரும்பும் துணிவும் வேண்டும். மூலக்கூறு பெரியதாகவும் மிகுதியாகவும் இருக்கும் என்று வேதிமாதிரிகள் உறுதியாகச் சொன்னால் சஜிட்டேரியஸ் பி2(என்) இன்னும் தகுதியானதே.

கிடைக்காமல் போகும் வாய்ப்பையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். மேல் எல்லையை ஹைட்ரஜனோடு ஒப்பிட்டு மட்டும் தந்தால் பிறருக்கு அது அதிகம் பயன்படாது. வேதியியலில் நெருங்கிய உறவான ஒரு மூலக்கூறோடு ஒப்பிட்டுத் தர வேண்டும். கிளைக்கோலால்டிஹைடில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 1,2-எத்தீன்டையால் இருக்கிறது என்ற விகிதமே, அதன் உருவாக்கத்தைக் கணக்கிடுவோருக்கு எந்தத் தனி எண்ணைக்காட்டிலும் உதவியது. அதே மேகத்தில், அதே கற்றையில், அதே தரவிலிருந்து அந்த உறவு மூலக்கூறையும் அளக்க வேண்டும் என்பதால், அதன் வரிகளும் கோரப்படும் அலைவரிசைக்குள் விழுகின்றனவா என்பதைக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.